டிக்கி மேல ஒரு இறக்கை: பழைய லான்சர்ல விங் இருக்கலாமா, கழட்டிடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். ரெண்டு தடவை சொன்னதையும் நடுவில் வந்த ஹார்ன் சத்தத்தையும் மட்டும் எடுத்திருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரக் கேள்வி சின்னது. வீட்டில் ஒரு பழைய கார் இருக்கு. அதன் டிக்கி மேல் பெரிய விங் ஒன்று நிற்குது. அதை வச்சுக்கலாமா, கழட்டிடலாமா?

கேட்டது பட்டாபிராம் பக்கத்துல இருக்கிற ஒரு தம்பி. வண்டி 2001 மாடல் மிட்சுபிஷி லான்சர், 1.5 பெட்ரோல், சில்வர் கலர். அவங்க அப்பா 2009ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். அவர் திருவள்ளூர் பிளான்ட்டில் வேலை பார்த்தவர், அதாவது இந்த லான்சர் உருவான அதே இடத்தில். தம்பி 2022ல வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு எவோ டைப் அலுமினிய விங் வாங்கிட்டு வந்து மாட்டிட்டார். அன்னிக்கு அப்பா ஒரு வார்த்தை பேசலை. ஆனா அதுக்கப்புறம் அந்த டிக்கியைத் தன் கையால் திறந்ததும் இல்லையாம். இப்போ 2026ல ஆர்.சி. புதுப்பிக்கிற வேளை வந்திருக்கு. "அண்ணா, கழட்டணும்னா ஏன் கழட்டணும்னு சொல்லுங்க, வச்சுக்கலாம்னா அப்பாகிட்ட சொல்ல ஒரு காரணம் குடுங்க"ன்னு வாய்ஸ் நோட். நியாயமான கேள்வி. காரணம் கேட்கிற ஆளுக்கு "நல்லா இல்லடா, கழட்டிடு"ன்னு பதில் சொல்ல முடியாது.

முதல்ல ஒரு ஆட்சேபணையை முடிச்சிடுவோம். "லான்சர் எப்படி கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்? அது நாலு கதவு ஃபேமிலி கார்தானே?" உண்மைதான். ஆனா நம்ம ஏரியாவுக்கு அது எப்படி வந்து சேர்ந்ததுன்னு பாருங்க. அம்பாசடர் செஞ்ச அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோட கூட்டுச் சேர்ந்து 1998ல திருவள்ளூரில் லான்சர் தயாரிக்க ஆரம்பிச்சது. அதே பாடியை வச்சு ஜப்பானில் மிட்சுபிஷி வேற ஒரு வண்டி செஞ்சுக்கிட்டு இருந்தது. லான்சர் எவோல்யூஷன் 4, 5, 6. 2 லிட்டர் டர்போ என்ஜின், 280 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் பவர். 1996லிருந்து 1999 வரை தொடர்ந்து நாலு வருஷம் டாமி மேக்கினென் உலக ராலி சாம்பியன் ஆனார். அதில் கடைசி மூணு வருஷம் ஓட்டினது இந்த உடம்பு உள்ள எவோதான். டிவியில் மேக்கினென் பனியில் பறக்கிறதைப் பார்த்துட்டு வெளியே வந்தா, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கிட்டத்தட்ட அதே முகம், அதே ஹெட்லைட், டிஎன் நம்பர் பிளேட்டோட நிக்கும். நம்ம ரயில் லைன்ல ஏறி இறங்குற மனுஷங்க கை பட்டுச் செஞ்ச வண்டி. ஃபெராரிக்கு இல்லாத ஒட்டுறவு அதுக்கு இருக்கு. அதனால என் கணக்கில் அது கிளாசிக். ஒத்துக்காதவங்க கமென்ட்ல திட்டுங்க.

அந்த எவோக்களில் டிக்கி மேல் பெரிய விங் இருந்தது. எவோ 5ல அது அலுமினியம், கோணத்தைக் கூட மாத்திக்கலாம். அந்த விங் ஏன் வந்ததுன்னு தெரிஞ்சா நம்ம கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும். அந்தக் காலத்து குரூப் ஏ ராலி விதிப்படி, போட்டியில் ஓடுற வண்டியை, கடையில் விற்கிற வண்டியாகவும் குறைந்தது 2500 செஞ்சாகணும். ராலிக்கு விங் வேணும்னா, ஷோரூம் வண்டியிலும் விங் வேணும். அதாவது காய்கறி வாங்கப் போறவர் வண்டியில் அது நின்னது அவருக்காக இல்லை, மேக்கினெனுக்காக. நமக்கு வந்த லான்சருக்கு என்ஜின் 1.5 லிட்டர், பவர் தொண்ணூறு குதிரைக்கும் கீழே, இழுக்கிறது முன்சக்கரம் மட்டும். முகம் ஒண்ணு, உள்ளே வேற ஆள்.

இப்போ இந்த விங் என்ன வேலை செய்யுதுன்னு பார்க்கலாம். நம்ம ஊர்ல டிக்கி மேல் எது இருந்தாலும் ஸ்பாய்லர்தான். ஆனா ரெண்டு வேற வேற. ஸ்பாய்லர்னா பாடியோட ஒட்டி, கீழே இடைவெளி இல்லாம, காற்று வழியுற விதத்தைக் கெடுக்கிற ஒரு மேடு. கார் மேல் ஓடி வர்ற காற்று பின்கண்ணாடி வழியா வழுக்கிக் கீழே இறங்கும்போது வண்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் மேலே தூக்கும். அந்த வழுக்கலைத் தடுக்கிறது ஸ்பாய்லர். விங் அப்படி இல்லை. ரெண்டு கால் மேல் நிற்கும், மேலேயும் கீழேயும் காற்று போகும். விமானத்து இறக்கையைத் தலைகீழா கவிழ்த்து வச்ச மாதிரி. விமானத்தை மேலே தூக்குற அதே விசை இங்கே வண்டியைக் கீழே அழுத்தும்.

எவ்வளவு அழுத்தும்? ஒரு கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. விங் நீளம் ஒன்றே கால் மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். பரப்பு கால் சதுர மீட்டர். நல்ல வடிவம், நல்ல கோணம், சுத்தமான காற்று, எல்லாமே தாராளமா வச்சுப் பார்த்தாலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கிறது சுமார் 9, 10 கிலோ அழுத்தம். ஒரு அரிசிச் சிப்பம். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் போகும். வேகம் பாதியானா அழுத்தம் கால்வாசி. 50ல ரெண்டரை கிலோ கூட இல்லை. 30ல ஒரு கிலோவுக்கும் கீழே. சி.டி.எச். ரோட்டில் பாடி மேம்பாலம் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட் தாண்டி ஆவடி போய்ச் சேருற வரைக்கும், சாயந்திரம் ஆறு மணிக்கு நம்ம வேகம் என்ன? நீங்களே சொல்லுங்க. ஒரு அலுமினிய விங், கால், போல்ட்டு எல்லாம் சேர்த்து நாலைந்து கிலோ இருக்கும். ஆக அந்த ரோட்டில் காற்று அழுத்துறதை விட விங்கின் சொந்த எடை அழுத்துறதுதான் அதிகம். டிக்கியில் ஒரு தர்பூசணி வச்சுக்கிட்டு போனா அதே பலன். வீட்டுக்குப் போனா சாப்பிடவும் செய்யலாம்.

சரி, ராத்திரி நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறிட்டா? அப்போ அந்தப் பத்து கிலோ வரும். ஆனா அது எங்கே வருதுங்கிறது முக்கியம். விங் இருக்கிறது பின்சக்கர அச்சுக்கும் பின்னாடி, முக்கால் மீட்டர் தள்ளி. லான்சருக்கு ரெண்டு அச்சுக்கும் நடுவில் இரண்டரை மீட்டர். சீசா விளையாட்டு ஞாபகம் இருக்கா? பின்கடைசியில் பத்து கிலோ வச்சா, முன்பக்கம் மூணு கிலோ போல லேசாகும். லான்சரில் இழுக்கிறதும் முன்சக்கரம், திரும்புறதும் முன்சக்கரம். நம்ம விங் அந்தச் சக்கரத்தைத்தான் லேசாக்குது. மூணு கிலோவால் யாரும் கவிழப் போறதில்லை, பயமுறுத்தலை. ஆனா "கிரிப் ஏறிடுச்சு ப்ரோ"ன்னு சொல்றவங்க எந்தச் சக்கரத்தைச் சொல்றாங்கன்னு ஒரு தடவை கேளுங்க.

இதுக்கு எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அதையும் நேர்மையா சொல்லணும். முன்சக்கர டிரைவ் டூரிங் ரேஸ் கார்களில் பின்னாடி விங் இருக்கு. காரணம், அந்த வண்டிகளை வளைவில் பின்பக்கம் சட்டுனு சறுக்குற மாதிரி உயிர்ப்பா செட் பண்ணுவாங்க, வேகமான வளைவில் அந்தப் பின்பக்கத்தைப் பிடிச்சு நிறுத்த விங் உதவும். முன்னாடியும் அதுக்கேற்ற ஸ்பிளிட்டர் இருக்கும். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், 3.7 கிலோமீட்டர் சுற்றில், நல்ல டயரும் சஸ்பென்ஷனும் போட்டு ஓட்டினா, விங் கோணத்தை மாத்துறது டைமிங்கில் தெரியலாம். அங்கே அது கருவி. அங்கே போறவங்க போல்ட்டைக் கழட்டி மாட்டுறதை ஒரு விஷயமாவே நினைக்கிறதில்லை.

உங்க விங் வேலை செய்யுதான்னு சும்மாவே சோதிக்கலாம். ஸ்வெட்டர் பின்னுற கம்பளி நூலை விரல் நீளத்துக்கு இருபது துண்டா வெட்டி, பின்கண்ணாடியிலும் டிக்கி மேலும் விங்கின் அடிப்பக்கத்திலும் செல்லோ டேப்பால் ஒட்டுங்க. காலி ரோட்டில், ட்ராஃபிக் இல்லாத காலை நேரத்தில், பக்கத்து வண்டியில் உட்கார்ந்திருக்கிற நண்பர் வீடியோ எடுக்கட்டும். (ஓட்டுறவர் எடுக்க வேண்டாம், தயவுசெஞ்சு.) நூல் நேரா பின்னோக்கிப் படுத்திருந்தா காற்று ஒழுங்கா ஓடுது. நூல் சுத்திச் சுத்தி ஆடினா அங்கே காற்று குழம்பிக் கிடக்கு, அந்த இடத்தில் விங் வச்சு பிரயோஜனம் இல்லை. செடான் கார்களில் கூரையிலிருந்து இறங்குற காற்று பின்கண்ணாடியில் பிய்ஞ்சு போறது சகஜம். அதனால்தான் ராலி வண்டிகளில் விங்கை உயரத்தில் வைக்கிறாங்க. டிக்கி மேல் ஒரு சாண் உயரத்தில் மாட்டின விங், பல வண்டிகளில் கொடி மாதிரி சும்மா நிற்கும்.

அப்போ விங்கே பொய்யான்னு கேட்டா, இல்லை. கழட்டவே கூடாத வண்டிகளும் உண்டு. ஆடி டிடி கதை தெரியுமா? 1998ல வந்தது. கவிழ்த்து வச்ச கிண்ணம் மாதிரி வழவழன்னு ஒரு முதுகு, பின்னாடி எதுவுமே இல்லை. டிசைன் புத்தகங்களில் இன்னிக்கும் அதைக் கொண்டாடுறாங்க. ஆனா ஜெர்மனி ஆட்டோபானில் அதிவேகத்தில் லேன் மாறும்போதும் வளைவிலும் பின்பக்கம் லேசாகி வண்டி கட்டுப்பாட்டை இழந்தது. உயிர்கள் போச்சு. ஆடி வண்டிகளைத் திரும்ப அழைச்சு, சஸ்பென்ஷனை மாத்தி, இ.எஸ்.பி. போட்டு, டிக்கி மேல் ஒரு சின்ன ஸ்பாய்லரை வச்சுக் கொடுத்தது. அழகைப் பார்த்தா அந்த ஸ்பாய்லர் ஒரு பிளாஸ்திரி மாதிரி தெரியும். இன்னிக்கு "ஒரிஜினல் டிசைன் வேணும்"னு அதைக் கழட்ட நினைக்கிறவங்களும் இருக்காங்க. 200ல போற ரோட்டில் ஓட்டுறவர் அப்படிச் செஞ்சா, அதைவிட மோசமான யோசனை எனக்குத் தெரியலை.

போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ்., 1973 மாடல். அதன் பின்னாடி வாத்து வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர். அதுவும் பின்பக்கம் தூக்குறதைக் குறைக்கப் பொறியாளர்கள் சோதிச்சு வச்சது. இப்போ அந்த வால்தான் அந்த வண்டியின் அடையாளம். 1,580 வண்டிதான் செஞ்சாங்க, ஆனா அந்த வாலை ஒட்டிக்கிட்டுத் திரியுற சாதாரண 911 உலகம் பூரா இருக்கு. நம்ம லான்சர்-எவோ கதைதான், கொஞ்சம் பணக்கார வீட்டில்.

எனக்குப் பிடிச்சது லம்போர்கினி கவுன்டாஷ். முதலில் வந்த எல்.பி.400ல விங் கிடையாது. வால்டர் வுல்ஃப்னு ஒரு கனடா தொழிலதிபர், பின்னாளில் சொந்தமா ஃபார்முலா 1 டீம் வச்சவர், தனக்காக ஒரு கவுன்டாஷைச் சிறப்பா செய்யச் சொன்னார், விங்கோட. பார்த்தவங்களுக்கெல்லாம் ஆசை வந்துடுச்சு. 1978ல வந்த எல்.பி.400 எஸ்-லிருந்து விங் கூடுதல் காசுக்குக் கிடைச்சது. அது வண்டியின் உச்ச வேகத்தை மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் குறைச்சது. காசு கொடுத்து வேகத்தைக் குறைச்சுக்கிட்டாங்க! ஆனாலும் பெரும்பாலானவங்க அதைக் கேட்டு வாங்கினாங்க. 80களில் சுவர் போஸ்டரில் ஒட்டினதும் அந்த விங் வண்டிதான். இன்னிக்கு ஏலத்தில் அதிக விலை போறது பெரும்பாலும் விங் இல்லாத, சுமார் 150 மட்டுமே செஞ்ச அந்த முதல் எல்.பி.400. அதுக்காக, தொழிற்சாலையிலிருந்து விங்கோட வந்த ஒரு கவுன்டாஷிலிருந்து அதைப் பிய்ச்சா, அதுவும் தப்புதான். அது அப்படியே பிறந்தது. வேகம் குறைஞ்சாலும் பரவாயில்லை, அது அந்த வண்டியின் உண்மை.

அதனால நான் முதல்ல கேட்கிறது ஒரே கேள்வி. இந்த விங்கை யார் வச்சாங்க, எப்போ வச்சாங்க? கம்பெனி வச்சதுன்னா தொடாதே. அந்தக் காலத்திலேயே ராலிக்கோ ரேஸுக்கோ ஓடின வண்டி, அப்போ யாரோ பொருத்தினது, பழைய போட்டோ இருக்கு, லாக் புக் இருக்குன்னா, அப்பவும் தொடாதே. நம்ம தேசிய ராலியில் லான்சரும் அதுக்கு அடுத்த செடியாவும் ஓடின வரலாறு உண்டு. அப்படி ஒரு வண்டி கையில் கிடைச்சு, அதில் போட்ட ஓட்டைகளை அடைச்சா வரலாற்றை அடைக்கிற மாதிரி. 2022ல புதுப்பேட்டையிலிருந்து வந்ததுன்னா, அது வண்டியின் கதை இல்லை. தம்பியின் கதை. அதுக்கும் மரியாதை உண்டு, கடைசியில் வர்றேன்.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தினது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாம மாத்தினா ஆறு மாதம் வரை சிறை, இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். சட்டத்தில் "விங்"னு பேர் சொல்லி எழுதலை. அங்கேதான் சிக்கலே. திருகாணியால் மாட்டின ஒரு அலங்காரப் பொருளா, இல்லை பாடியில் செஞ்ச மாற்றமா? வண்டியைச் சுத்தி வந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர் எப்படி எடுத்துக்கிறாரோ அப்படி. பூந்தமல்லியோ அம்பத்தூரோ திருவள்ளூரோ, எந்த ஆர்.டி.ஓ. ஆனாலும் 15 வருஷம் தாண்டின வண்டியை நேரில் கொண்டு போய்க் காட்டித்தான் புதுப்பிக்கணும். ஏற்கெனவே வயசான வண்டி, புகை, பிரேக், லைட்டுன்னு ஆயிரம் கேள்வி. அதில் ஆயிரத்து ஒண்ணாவதை நாமே டிக்கி மேல் தூக்கிக் காட்டணுமா? இன்ஷூரன்ஸும் அப்படித்தான். சொல்லாம செஞ்ச மாற்றம் கிளைம் நேரத்தில்தான் பேச்சுக்கு வரும்.

இன்னொரு சட்டம், இது கனவு காண்றவங்களுக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், அசல் வடிவத்தில் இருக்கணும், சேசிஸ், பாடி ஷெல், என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் "வி.ஏ." எழுத்து வரும். பட்டாபிராம் லான்சருக்கு அந்தத் தகுதி 2051ல. தம்பிக்கு அப்போ ஐம்பதைத் தாண்டியிருக்கும். சிரிக்காதீங்க, 1975ல ஹெரால்டு வச்சிருந்தவங்களும் இப்படித்தான் சிரிச்சிருப்பாங்க.

சட்டத்தை விட எனக்குக் கவலை தகரம். 1969ல ஸ்பெயின் கிராண்ட் ப்ரீ, பார்சிலோனா மோன்ஜுயிக் சர்க்யூட். அப்போ ஃபார்முலா 1 வண்டிகளில் ஒல்லியான குச்சிக்கால் மேல் உயரமா விங் வைப்பாங்க. அந்த ரேஸில் லோட்டஸ் டீமின் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ரெண்டு பேர் விங்கும் உடைஞ்சு விழுந்து, ரெண்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மோதின. அடுத்த ரேஸான மொனாகோவிலேயே அந்த உயர விங்குகளுக்குத் தடை. விங்கோட வடிவத்தை விட அதைத் தாங்குற காலும், கால் ஊன்றி நிற்கிற இடமும்தான் ஆளைக் காப்பாத்தும், இல்லை கொல்லும்.

நம்ம டிக்கி மூடி ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத தகடு. அதில் நாலு ஓட்டை போட்டு, அடியில் ஒரு சின்ன வாஷர் வச்சு முடுக்கினா, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அந்த நாலைந்து கிலோ மேலும் கீழும் உதறும். ஓட்டையைச் சுத்தி பெயின்ட் நுணுக்கமா வெடிக்கும். அங்கே மழைத் தண்ணி இறங்கும். நவம்பர், டிசம்பர் மழையில் ரெண்டு வாரம் வெளியே நின்னா போதும், துரு உள்பக்கமிருந்து ஆரம்பிச்சிடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். இப்பவே போய்ச் சோதிங்க. விங்கின் ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா கீழே அழுத்துங்க, அந்தப் பத்து கிலோ அளவுக்கு. கால் ஊன்றின இடத்தில் தகடு குழிஞ்சா அந்த மவுன்ட் சரியில்லை. டிக்கிக்குள் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கிற குழியில் கை வச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா தண்ணி எங்கிருந்து வருதுன்னு தேட வேண்டியதில்லை. டிக்கியைத் திறந்து கையை விட்டா மூடி தானா இறங்கி வருதா? உள்ளே இருக்கிற ஸ்பிரிங் இந்த எடைக்குச் செஞ்சது இல்லை. மளிகைச் சாமான் எடுக்கும்போது அப்பா தலையில் விழும். அவர் திறக்காததுக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. கூடவே ரியர் வியூ மிர்ரரில் குறுக்கே ஒரு பட்டை. பின்னாடி வர்ற பைக்கின் ஹெல்மெட் சரியா அந்தப் பட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்.

ஆக என் தீர்ப்பு, கழட்டுங்க. தொழிற்சாலை வச்சதில்லை, போட்டியில் ஓடினதில்லை, உங்க ரோட்டு வேகத்தில் வேலை செய்யலை, தகரத்தைத் தின்னுது. இந்த நாலில் ஒண்ணாவது வேற மாதிரி இருந்திருந்தா இன்னும் யோசிச்சிருப்பேன்.

எப்படிக் கழட்டுறதுங்கிறதும் முக்கியம், ஏன்னா ஓட்டை அப்படியே இருக்கும். மூணு வழி இருக்கு. ஒண்ணு, டிங்கரிங் பட்டறையில் ஓட்டையை வெல்ட் அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட். மெல்லிய தகடு சூட்டில் நெளியும், அவசரக்காரர் கையில் கொடுக்காதீங்க. ஒரே மூச்சில் இழுக்காம, புள்ளி புள்ளியா வச்சு ஆறவிட்டு ஆறவிட்டு செய்யச் சொல்லுங்க. வெறும் பட்டியை அப்பி மூடுறேன்னு சொன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க. ஒரு வருஷத்தில் வட்டம் வட்டமா எழும்பும். சில்வர் கலர் மேட்ச் ஆகுறது கஷ்டம், 25 வருஷம் வெயிலில் வெளுத்த சில்வர் இன்னும் கஷ்டம். மூடி முழுசும் அடிச்சு, பக்கத்து பேனலில் லேசா கலந்து விடுவாங்க. ரெண்டாவது வழி, புதுப்பேட்டையிலேயே ஓட்டையில்லாத ஒரு பழைய லான்சர் டிக்கி மூடி தேடுறது. கிடைச்சா அதுதான் சுத்தமான வேலை. மூணாவது, அந்தக் காலத்து லான்சர்களில் பார்த்திருப்பீங்களே, பாடியோட ஒட்டின சின்ன ஸ்பாய்லர், அது ஓட்டையை மூடுற மாதிரி அமைஞ்சா போட்டுக்கிறது. ஆனா அடியில் துருவைச் சுத்தம் பண்ணி, பிரைமர் அடிச்சு, ரப்பர் வைக்காம மேலே மூடினா அது மூணாவது வழி இல்லை, துருவுக்குக் கூரை போட்ட கதை.

என்னைக் கேட்டா அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் பட்டறைக்குப் போங்க. லைனில் வேலை பார்த்தவர், எங்கே வெல்ட் பிடிக்கும், எங்கே நெளியும்னு பட்டறைக்காரரை விட அவருக்குத் தெரிஞ்சிருக்கலாம். இன்னிக்கு அதே திருவள்ளூர் பிளான்ட்டில் சிட்ரோன் கார் செய்றாங்க. லான்சர் திரும்ப அந்த வாசல் வழியா வரப் போறதில்லை. அங்கே அவர் செஞ்ச வேலைக்கு இருக்கிற சாட்சி உங்க வீட்டு வாசலில்தான் நிக்குது. அது தெரிஞ்சவர் அந்த நாலு ஓட்டையைப் பார்த்து என்ன நினைச்சிருப்பார்னு நீங்களே கேட்டுக்கோங்க. "காரணம் குடுங்க"ன்னு கேட்டீங்களே, அப்பாகிட்ட சொல்றதுக்கு இல்லை, அவர்கிட்ட கேட்கிறதுக்குத்தான் இருக்கு.

விங்கை விற்காதீங்க. முதல் சம்பளத்தில் வாங்கினதை யாராவது விற்பாங்களா? ஒரு பழைய வேட்டியில் சுத்திப் பரணில் போடுங்க. எப்பவாவது முன் ஸ்பிளிட்டர், நல்ல டயர் எல்லாம் போட்டு இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே போற வண்டி ஒண்ணு அமைஞ்சா அப்போ இறக்கிக்கலாம். போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாத்தையும் ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு, எந்த ஓட்டையில் எது இருந்ததுன்னு மார்க்கரில் எழுதி, அந்தக் கவரையும் விங் காலில் கட்டி வச்சுடுங்க. எம்8 நட்டு மட்டும் எப்பவுமே ஒண்ணு காணாமப் போகும்.

அடுத்த வாரம் ஆவடி மார்க்கெட் பக்கத்துப் பட்டறை ஒண்ணில், பழைய கார்களில் துருவை எப்படித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு டிங்கரிங் அண்ணனோட பேசப் போறோம். சுத்தியல் சத்தம் அதிகமா இருக்கும், ஹெட்போனில் வால்யூம் குறைச்சு வச்சுக் கேளுங்க.